சி.பி.கே. 118, ஃபெரிட்டின் 684: தசை வலிக்காத ஒரு தசைநோயின் நிகழ்வு ஆய்வு

உள்ளே வந்து உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "இதை யாருமே பாக்கல டாக்டர். எல்லாரும் கையைத் திருப்பிப் புறங்கையைத்தான் பாக்கறாங்க" என்றார். விரல்களின் உள்பக்க மடிப்புகளிலும் உள்ளங்கையிலும் குண்டூசித் தலை அளவில் சிவந்த மேடுகள். அதில் இரண்டின் நடுவில் வெளுத்த சிறு குழி. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

வயது 44. பள்ளி ஆசிரியை. 7 வாரங்களுக்கு முன் கண்ணிமைகளில் தொடங்கிய சிவப்பு கன்னம், கழுத்து, தோள் என்று இறங்கியிருக்கிறது. ஒவ்வாமை என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஒருவர் சரியாகவே சந்தேகப்பட்டு, தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் டெர்மடோமயோசைட்டிஸாக இருக்குமோ என்று இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதியான சி.பி.கே. 118; 200 வரை இயல்பு. சொந்த உடம்பையே தாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ஏ.என்.ஏ. நெகட்டிவ். "தசை நோய் இல்லை" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டை நான்காக மடித்து, கைப்பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தச் சீட்டில் இருந்த இரண்டு எண்களும் சரிதான். பரிசோதனைக் கூடம் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த எண்களிடம் கேட்கப்பட்ட கேள்விதான் இவருடைய நோய்க்குப் பொருந்தாத கேள்வி. இந்த நிகழ்வை எழுதக் காரணம் அதுவே. இவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கையும் மூச்சும்

தசை பலத்தை முதலில் பார்த்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கினார்; நான் அழுத்தியும் இறங்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்தார். கரும்பலகையின் மேல் வரியில் எழுதச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதிடறேன். பாடம் நடத்தறதுதான் முடியல" என்றார்.

ஏன் என்று கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது புரிந்தது. நீளமான வாக்கியம் எதையும் அவர் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. நடுவில் நிறுத்தி, ஒரு சின்ன இருமல், பிறகு மீதி. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். 19இல் நின்றது. உட்கார்ந்திருக்கையில் ஆக்சிஜன் அளவு 97. தாழ்வாரத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தால் 91.

தோலில் வேறு என்ன இருந்தது? மேலிமையில் ஊதா கலந்த சிவப்பும் லேசான வீக்கமும். விரல் மூட்டுகளின் மேல், டெர்மடோமயோசைட்டிஸின் அடையாளமான கோட்ரான் மேடுகள். வலது முழங்கையில், ஓரம் வெட்டியதுபோல் ஒரு சிறு புண். நகத்தடியில் தடித்த நுண்குழாய்கள் கண்ணுக்கே தெரிந்தன. வாய்க்குள் இரண்டு புண். முடி கொத்தாக உதிர்வதாகச் சொன்னார். விரல் மூட்டுகளில் காலையில் இறுக்கம்.

உள்ளங்கை மேடு, தோல் புண், வாய்ப்புண், மூட்டுவலி, வற்றாத இருமல், தளராத தசை. இவை ஒன்றாக வந்தால் எம்.டி.ஏ.5 என்ற ஆன்டிபாடியோடு வரும் டெர்மடோமயோசைட்டிஸ்தான் முதலில் மனதில் வரவேண்டும். அன்று மாலையே உள்நோயாளியாகச் சேர்த்தோம்.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

முதல் நாள் முடிவுகள்: ஹீமோகுளோபின் 11.2. வெள்ளணுக்கள் 3,900, அவற்றில் லிம்போசைட் 620 மட்டுமே. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 38, சி.ஆர்.பி. 9. சி.பி.கே. மறுபடியும் 121. எல்.டி.ஹெச். 412. எஸ்.ஜி.ஓ.டி. 74, எஸ்.ஜி.பி.டி. 61, ஜி.ஜி.டி. 132. ஃபெரிட்டின் 684 நானோகிராம்.

இதில் சி.ஆர்.பி.யைப் பாருங்கள். 9 என்றால் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலில்கூட வருகிற அளவு. உடம்புக்குள் பெரிய அழற்சி எதுவும் இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த நோயை முன்னின்று நடத்துவது, வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான். அதன் பரபரப்பு சி.ஆர்.பி.யில் பெரும்பாலும் எதிரொலிப்பதில்லை. லிம்போசைட் குறைவதிலும் ஃபெரிட்டின் ஏறுவதிலும்தான் தெரியும்.

கல்லீரல் எண்களுக்கு ஒரு விளக்கம் தேவை. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையிலும் உண்டு. தசைநோய் வந்தவர்களைக் கல்லீரல் நோயாளி என்று மாதக்கணக்கில் அலையவிடுவது இதனால்தான். அதைப் பிரித்துக்காட்டும் நல்ல வழி ஜி.ஜி.டி.; அது தசையிலிருந்து வராது. இவருக்கு ஜி.ஜி.டி.யும் உயர்ந்திருந்தது, சி.பி.கே. உயரவில்லை. அதாவது இங்கே கல்லீரலே கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது. எம்.டி.ஏ.5 நோயில் இதுவும் பார்க்கக்கூடியதே.

அப்புறம் ஏ.என்.ஏ. அந்தப் பரிசோதனை செல்லின் உட்கருவில் ஒட்டும் ஆன்டிபாடிகளைத் தேடுவது. எம்.டி.ஏ.5 புரதம் இருப்பதோ உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். அதனால் ஆன்டிபாடி நிறைய இருந்தாலும் ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்றே பல நேரம் முடிவு வரும். ஜோ-1 போன்ற ஆன்டிபாடிகளிலும் இதே கதைதான். ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்ற வரியை வைத்து இந்தக் குடும்பத்து நோய்களை விலக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் மயோசைட்டிஸ் ஆன்டிபாடித் தொகுப்பைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

சி.பி.கே.யும் அப்படித்தான். 1975இல் போஹனும் பீட்டரும் வகுத்த 5 அளவுகோல்களில் நான்கு தசையைப் பற்றியவை. ஒன்றே ஒன்று தோல். தலைமுறை தலைமுறையாக நாங்கள் படித்தது அதைத்தான். அந்தக் கணக்கில் இவருக்கு நோயே இல்லை. 2017இல் வந்த வகைப்படுத்தலில் தோல் அடையாளங்களை மட்டும் வைத்தே இந்த நோயைச் சொல்ல இடம் இருக்கிறது. ஆனாலும் டெர்மடோமயோசைட்டிஸ் என்றதும் கை சி.பி.கே.யை எழுதுவதும், அது நார்மல் என்றதும் மனம் அமைதியாவதும் இன்னும் மாறவில்லை.

இரண்டாம் நாள் சி.டி. ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும், ஓரங்களை ஒட்டி, உறைபனி படிந்த கண்ணாடி போன்ற வெண்திட்டுகள். சில இடங்களில் கெட்டியாகவே இருந்தன. மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்ப்பில் 71 சதவீதம். வாயு பரிமாற்றத் திறன் 54 சதவீதம். கே.எல்-6 அளவு 780. 500க்கு மேல் போனால் நுரையீரல் திசு நோயை யோசிக்க வேண்டும்.

பக்கத்து அறை

அதே வாரம் பக்கத்து அறையில் 58 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை எடுத்தவர். படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. சி.பி.கே. 14,000க்கு மேல். குடும்பமே அந்த எண்ணைப் பார்த்துக் கலங்கிப்போயிருந்தது. ஸ்டேட்டினோடு தொடர்புள்ள தசைநோயைக் காட்டும் ஹெச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடி பாசிட்டிவ், நுரையீரல் சுத்தம். அவருக்குப் பல மாதச் சிகிச்சை தேவைப்படும், தசையில் கொஞ்சம் பலக்குறைவு நின்றும் போகலாம்; ஆனால் அடுத்த மாதம் உயிரோடு இருப்பாரா என்ற கவலை எங்களுக்கு இருக்கவில்லை. அந்தக் கவலை முழுவதும் சி.பி.கே. 121 இருந்த அறையின்மேல்தான் இருந்தது. தசை எவ்வளவு சிதைகிறது என்பதைத்தான் சி.பி.கே. சொல்லும். உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்வது அதன் வேலை இல்லை.

இந்த நோய்க் குடும்பத்தில் எதிர்காலத்தைச் சொல்வது பெரும்பாலும் ஆன்டிபாடியின் பெயர்தான். எம்.ஐ-2 என்றால் தோலும் தசையும் பளிச்சென்று தெரியும், மருந்துக்கும் நன்றாக அடங்கும். டிஃப்-1 காமா பெரியவர்களிடம் வந்தால் எங்கேனும் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். என்.எக்ஸ்.பி-2 இருந்தால் தோலுக்கடியில் சுண்ணாம்பு படியும். பெரியவர்களிடம் புற்றுநோய்த் தேடலும் உண்டு. ஜோ-1 என்றால் நுரையீரல், மூட்டு, வெடித்த விரலோரம். எம்.டி.ஏ.5 என்றால் வாரக்கணக்கில் முற்றும் நுரையீரல்.

எம்.டி.ஏ.5 உண்மையில் ஒரு காவலாளி. செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. நுழைந்தால் கண்டுபிடித்து இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடும் புரதம். அதற்கு எதிரான ஆன்டிபாடியை 2005இல் ஜப்பானில் ஷின்ஜி சாட்டோ குழுவினர் முதலில் விவரித்தார்கள். அந்தப் புரதத்தின் எடையை வைத்து சி.ஏ.டி.எம்-140 என்று அன்று பெயர். அது எம்.டி.ஏ.5தான் என்று 2009இல் தெரிந்தது. பிரான்சில் 121 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு இதே ஆன்டிபாடிக்குள்ளேயே மூன்று கூட்டங்களைக் காட்டியது: நுரையீரல் வேகமாகக் கெடுபவர்கள், மூட்டுவலி முன்னிற்பவர்கள், இரத்தக்குழாய்ப் பாதிப்பும் தோல் புண்ணும் முன்னிற்பவர்கள். மூட்டுவலிக் கூட்டத்தார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆக, ஆன்டிபாடியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. இவர் எந்தக் கூட்டம் என்று சொல்ல வேறு எண்கள் வேண்டும். ஃபெரிட்டின் அதற்குத்தான்.

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம். உடம்பில் இரும்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் அதைக் கேட்கிறோம். ஆனால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் கட்டுமீறித் தூண்டப்படும்போது அது இரத்தத்தில் கொட்டுகிறது. எம்.டி.ஏ.5 நோயில் ஃபெரிட்டின் 500ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 1,500ஐத் தாண்டியவர்களில் இறப்பு அதிகம் என்று 2010ஐ ஒட்டி ஜப்பானிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. என் அனுபவத்தில் இந்த எல்லைக்கோடுகளைவிட எண் போகும் திசை முக்கியம். 684இல் நிற்பது வேறு, 684 வழியாக மேலே போய்க்கொண்டிருப்பது வேறு. முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் தாமதித்த இடம்

ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசோலோன் 1 கிராம் வீதம் மூன்று நாள், பிறகு கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோலோன், கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ். நிமோசிஸ்டிஸ் தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல். நோயெதிர்ப்பை இன்னும் கடுமையாக அடக்கும் மூன்றாவது மருந்தான சைக்ளோபாஸ்ஃபமைடைச் சேர்க்கவில்லை. லிம்போசைட் 620தானே இருக்கிறது, ஆன்டிபாடி முடிவு வரட்டும், ஃபெரிட்டின் இன்னும் ஆயிரத்தைத் தொடவில்லை என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. எம்.டி.ஏ.5 மூன்று பிளஸ். ஆர்.ஓ-52 என்ற இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவ். இந்த ஆன்டிபாடிகளைத் தேடும் பட்டைப் பரிசோதனையில் ஒரு பிளஸ் மட்டும் வந்தால் பொய்யான பாசிட்டிவாக இருக்கலாம், நோயாளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. ஆர்.ஓ-52 கூடச் சேர்ந்தால் நுரையீரல் நிலை இன்னும் மோசமாக இருக்கும் என்பதும் தெரிந்த விஷயம். அன்றே மூன்றாவது மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும். நான் தொடங்கியது ஒன்பதாம் நாள். அன்று ஃபெரிட்டின் 1,130. உட்கார்ந்திருக்கும்போதே 2 லிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஸ்கேனில் வெண்திட்டுகள் நடு நுரையீரல்வரை ஏறியிருந்தன.

ஹிடியாகி ட்சுஜி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தெரியாததல்ல. மூன்று மருந்துகளையும் முதலிலேயே சேர்த்துக் கொடுத்தவர்களில் 6 மாதம் பிழைத்தவர்கள் 89 சதவீதம். முன்பு படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்பட்டவர்களில் 33 சதவீதம். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் பழைய காலத்து நோயாளிகள், எண்ணிக்கையும் குறைவு. சரி, அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெரிதுதான். 2023இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் வேகமாக முற்றும் நுரையீரல் நோய்க்குத் தொடக்கத்திலேயே கூட்டுச் சிகிச்சை என்றுதான் சொல்கிறது. ஃபெரிட்டின் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஃபெரிட்டின் ஏறியது தெரிவதற்குள் நுரையீரலில் ஒரு பகுதி போய்விட்டிருக்கும். அது திரும்பி வராது.

ஏறுவது நோய்தானா, தொற்றா என்று பார்க்க, பாக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிட்டோனின் எடுத்தோம்; மிகக் குறைவு. மூச்சுக்குழாய் கழுவு நீரில் காசநோய், நிமோசிஸ்டிஸ், பூஞ்சை எதுவும் இல்லை. சைக்ளோபாஸ்ஃபமைட் முதல் தவணை அன்றிரவு ஏறியது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலினும் சேர்த்தோம். இன்டர்ஃபெரானின் சமிக்ஞையைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை பற்றியும் பேசினோம். 2019இல் வந்த ஆய்வில் அதை ஆரம்பக் கட்டத்திலேயே எடுத்த 18 பேரும் 6 மாதம் தாண்டினார்கள். பழைய முறையில் 32 பேரில் 25 பேர். ஆனால் ஏற்கெனவே மூன்று மருந்து ஓடும் உடம்பில் நான்காவதைச் சேர்த்தால் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவோமோ என்று தள்ளிவைத்தோம்.

பதினான்காம் நாள் ஃபெரிட்டின் 1,410. கழுத்துத் தோலுக்கடியில் காற்று நொறுநொறுக்கிறதா என்று தினமும் இரண்டு வேளை விரலால் தடவிப் பார்த்தேன். நெஞ்சின் நடுப்பகுதியில் காற்று கசிவது இந்த நோயில் மிகக் கெட்ட அறிகுறி. அது வரவில்லை. ஆக்சிஜன் 4 லிட்டரில் நின்றது. இருபதாம் நாள் ஃபெரிட்டின் 1,290. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டேன். ஆக்சிஜன் தேவை மாறவில்லை, இருமல் மாறவில்லை, ஸ்கேனும் மாறவில்லை. இந்த ஒரு எண் மட்டும் திரும்பியிருந்தது. முப்பதாம் நாள் 870. ஐந்தாவது வாரக் கடைசியில் ஆக்சிஜன் குழாயை எடுத்தோம். கே.எல்-6 இதற்கிடையில் 1,340 வரை ஏறி, ஃபெரிட்டின் இறங்கத் தொடங்கி ஒரு மாதம் கழிந்த பிறகுதான் இறங்கியது. கே.எல்-6 ஏறுகிறதே என்று மட்டும் பார்த்திருந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு செய்திருப்போம்.

அதே எண், வேறு பொருள்

ஏழாவது வாரம் ஃபெரிட்டின் 410 ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது இரண்டு நாள் காய்ச்சல். ஃபெரிட்டின் 590. லிம்போசைட் 700இலிருந்து 340.

குழுவில் இரண்டு பேர், நோய் திரும்புகிறது, ஸ்டீராய்டைக் கூட்டலாம் என்றார்கள். முன்பு தாமதித்ததால் அடிபட்ட எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் அவரிடம் போய் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னபோது 31வரை எண்ணினார். போன வாரமும் 31. உள்ளங்கை மேடுகள் தட்டையாகிக் கறுத்திருந்தன, புதிதாக ஒன்றுகூட இல்லை. முழங்கைப் புண் ஆறி வந்தது. கே.எல்-6 ஏறவில்லை. நோய் திரும்பினால் இவற்றில் ஏதாவது ஒன்றாவது அசைந்திருக்க வேண்டும். நோயெதிர்ப்பு அடங்கிய உடம்பில் தலைதூக்கும் சைட்டோமெகாலோ வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். அனுப்பினோம். பாசிட்டிவ், அதுவும் அதிக அளவில். அந்த வைரஸுக்கான கேன்சிக்ளோவிர் கொடுத்து, சைக்ளோபாஸ்ஃபமைடின் அடுத்த தவணையைத் தள்ளிவைத்தோம். பத்து நாளில் காய்ச்சல் நின்றது, ஃபெரிட்டின் 380க்கு வந்தது.

ஒன்பதாம் நாள் ஃபெரிட்டின் ஏறியபோது மருந்தைக் கூட்டியது சரி. ஏழாவது வாரம் ஏறியபோது கூட்டியிருந்தால் ஒருவேளை அவரை இழந்திருப்போம். எண் தனியாக வந்து நின்றால் அது நோயா, தொற்றா, வேறு எதுவுமா என்று சொல்லாது. பக்கத்தில் மூச்சு, தோல், லிம்போசைட், கே.எல்-6 எல்லாவற்றையும் வைத்தால்தான் அது வாய் திறக்கும்.

புற்றுநோய்த் தேடலையும் செய்தோம். எம்.டி.ஏ.5 உள்ளவர்களுக்கு ஆபத்து டிஃப்-1 காமா அளவுக்கு இல்லை. அடிப்படைப் பரிசோதனைகளில் எதுவும் இல்லை.

இப்போது

பதினொன்றாவது மாதம். ஃபெரிட்டின் 94. கே.எல்-6 460. மூச்சுக் கொள்ளளவு 78 சதவீதம். வாயு பரிமாற்றத் திறன் 63இல் நிற்கிறது, அதற்குமேல் ஏறும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஸ்கேனில் அடிப்பகுதியில் தழும்புக் கோடுகள் இருக்கின்றன. பிரெட்னிசோலோன் 5 மி.கி., டாக்ரோலிமஸ் குறைந்த அளவில். எம்.டி.ஏ.5 இப்போதும் ஒரு பிளஸ். ஆன்டிபாடி அளவு முற்றிலும் மறைந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்பதால், அது மறையும்வரை டாக்ரோலிமஸை நிறுத்தத் தயங்குகிறேன். அவருக்கோ மாத்திரை எண்ணிக்கையைப் பார்த்தாலே அலுப்பு.

போன முறை வந்தபோது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தேதி, ஃபெரிட்டின், அதற்கடுத்த கட்டத்தில் ஒரே மூச்சில் எண்ணிய எண். நான் சொல்லாமலே தினமும் காலையில் எண்ணிக் குறித்து வந்திருக்கிறார். கடைசி வரியில் 38. ஜூன் முதல் பள்ளிக்குப் போகலாமா என்று கேட்டார். பாதி நேரத்துக்கு என்று சொல்லி, அடுத்த இரத்தப் பரிசோதனையை இரண்டு வாரம் முன்னதாகவே எழுதிக் கொடுத்தேன்.